நிறுத்தி வைத்த காரில் ஸ்பிரிங் ஏன் உடைகிறது?

கேள்வி: என் கார் வாங்கி 14 வருடம் ஆகிறது. போன வாரம் காலையில், வண்டியை யாரும் தொடாத நேரத்தில், இரும்பு தெறித்தது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு எடுத்து ஓட்டும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கத்தில் ‘கடக், கடக்’ என்றது. மெக்கானிக் பார்த்துவிட்டு, இடது முன் சக்கரத்து ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைந்திருக்கிறது என்றார். பள்ளத்தில் வேகமாக இறக்கியிருப்பீர்கள் என்பது அவர் முடிவு. இந்தக் காலத்து இரும்பே மட்டம் என்கிறார் நண்பர். நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். விரல் தடிமனுள்ள கம்பி, வண்டி சும்மா நிற்கும்போது எப்படி உடையும்? வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாமா? ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

காரணத்துக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். ஸ்பிரிங்கை மாற்றும்வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள். பட்டறைக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாமல், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். பெரும்பாலான கார்களில் முன் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரைச் சுற்றி, டயரின் உள்பக்கச் சுவருக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கும். உடைந்த கம்பியின் முனை உளி போல இருக்கும். ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உட்காரும் இரும்புக் கிண்ணத்திலிருந்து அது நழுவி வெளியே வந்தால், சுற்றுகிற டயரை அறுத்துவிடும். நல்ல வேகத்தில் போகும்போது முன் டயர் கிழிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘சத்தம் மட்டும்தானே வருகிறது’ என்று பல நாள் ஓட்டிவிட்டு, டயரின் உள்சுவரில் வட்டமாக அறுபட்ட கோட்டோடு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அந்த டயர் புதிது போலவே இருக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பள்ளத்தில் இறக்கியதால் அது உடையவில்லை. பள்ளம் கடைசி அடியாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான். அந்த ஸ்பிரிங் உடைய ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள, ஸ்பிரிங்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சுருளை மேலிருந்து அமுக்கினால் கம்பி வளைகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் கம்பி முறுகுகிறது, ஈரத்துணியைப் பிழியும்போது துணி முறுகுவது போல. நீளமான ஒரு கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகினால் எப்படி எதிர்க்குமோ, அந்தக் கம்பியைத்தான் இடத்தை மிச்சப்படுத்தச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். முறுக்கு என்றால் பாரம் முழுவதும் கம்பியின் தோலில் விழும். நடுப்பகுதி கிட்டத்தட்ட ஓய்வில் இருக்கும்; மேற்பரப்புதான் உழைக்கும். அதனால் ஸ்பிரிங்கின் ஆயுள் அதன் மேற்பரப்பில் இருக்கிறது. அங்கே ஒரு சின்னக் காயம் பட்டாலும் அது உயிர்நிலையில் பட்ட காயம்.

ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து, வளைக்காமல் முறுக்கிப் பாருங்கள். நேராக ஒடியாது. சாய்வாக, படிக்கட்டு சுற்றிப் போவது போல ஒடியும். உங்கள் ஸ்பிரிங்கின் உடைந்த துண்டும் அப்படித்தான் இருக்கும். சுமார் 45 டிகிரி சாய்வு. அந்தத் துண்டை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் நகக்கண் அளவுக்கோ அதற்குக் கொஞ்சம் கூடவோ ஓர் இடம் கறுத்தோ துருப்பிடித்தோ இருக்கும். மீதி இடம் சாம்பல் நிறத்தில், புதிதாக, மணல் மணலாக மின்னும். மின்னுகிற பகுதி அன்று காலை உடைந்தது. கறுத்த பகுதி அதற்கு எவ்வளவோ நாள் முன்பே பிளந்து, தண்ணீர் உள்ளே போய்த் துருவேறியது. பள்ளமா, பழசா என்ற சண்டையை அந்தத் துண்டே தீர்த்துவிடும். பல மெக்கானிக்குகள் அதைப் பழைய இரும்போடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

அந்தக் கறுப்புப் புள்ளி எப்படி வந்தது?

ஸ்பிரிங் தொழிற்சாலையை விட்டு வரும்போது அதற்கு இரண்டு காவல் இருக்கிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியும் பெயின்ட். பாஸ்பேட் பூச்சுக்கு மேலே எபாக்ஸி பவுடரைச் சூட்டில் உருக்கி ஒட்டியிருப்பார்கள். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. பொடி இரும்புக் குண்டுகளை வேகமாக வீசி மேற்பரப்பு முழுவதையும் அடிப்பார்கள். ஷாட் பீனிங் என்று பெயர். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் ஆல்மென் என்ற பொறியாளர் இதை ஒழுங்குபடுத்தி வளர்த்தெடுத்தார். இப்படி அடிக்கும்போது கம்பியின் தோல் உள்நோக்கி நெருக்கப்பட்டு, அந்த நெருக்கம் அப்படியே தங்கிவிடும். விரிசல் என்பது இரும்பு இழுபட்டு வாய் திறப்பதுதானே? தோல் முன்கூட்டியே நெருக்கிக் கட்டப்பட்டிருந்தால் வாய் திறப்பது கஷ்டம். ஆனால் இந்த நெருக்கப்பட்ட அடுக்கின் ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. துரு அதைத் தாண்டி உள்ளே ஒரு குழி பறித்துவிட்டால் இரண்டாவது காவலும் போயிற்று.

குழி பறிக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: கடைசிச் சுற்று, கிண்ணத்தில் உட்காருகிற இடம். அந்தக் கிண்ணத்தை மனதில் வைத்துப் பாருங்கள். சக்கரம் வாரி வீசும் சேறும் மணலும் அதில்தான் தங்கும். தண்ணீர் வெளியேறச் சின்ன ஓட்டை இருக்கும். சில வருடத்தில் அது மண்ணால் அடைபடும். அப்புறம் அது எப்போதும் ஈரம் காக்கும் தொட்டி. அதற்கு மேல், ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அங்கே சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. வண்டி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கம்பி ரப்பர் பேடின் மேல் கொஞ்சம் உருண்டு, கொஞ்சம் தேய்ந்து, திரும்ப வரும். நடுவில் மாட்டிய மணல் உப்புத்தாள் போல வேலை செய்யும். காரின் உடல் ஸ்பிரிங்கின் மேல் இயல்பாக ஆடும் வேகம் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை. மணிக்கணக்கில், வருடக்கணக்கில் ஓடினால் எத்தனை லட்சம் தேய்ப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெயின்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நாள் இரும்பு வெளியே தெரியும்.

வெளியே தெரிந்த இரும்பில் ஈரம் பட்டால் துரு. அதிலும் உப்பு சேர்ந்தால் துரு பரவலாகப் படியாமல் புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளிலும், கடற்காற்று படும் ஊர்களிலும் ஸ்பிரிங் அதிகம் உடைவது இதனால்தான். ஊசி நுனி அளவு குழி போதும். அமுக்கும்போது கம்பியில் ஓடும் முறுக்கு முழுவதும் அந்தக் குழியின் அடியில் வந்து குவியும். ஆற்றின் நடுவே கல் இருந்தால் தண்ணீர் இரு ஓரத்திலும் நெருக்கியடித்துப் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் விரிசல் ஒரு மயிரிழை முன்னே நகரும்.

கம்பி சீராகவே தேய்ந்தாலும் விஷயம் லேசானதல்ல. கம்பியின் விட்டம் குறையக் குறைய முறுக்கின் கடுமை, விட்டத்தின் கனத்துக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) எதிர்விகிதத்தில் ஏறும். 12 மில்லிமீட்டர் கம்பி துருவில் கரைந்து 11 ஆனால், இழந்தது ஒரே ஒரு மில்லிமீட்டர். ஆனால் அந்த இடத்துக் கடுமை சுமார் 30 சதவீதம் கூடும். துருப்பிடித்த ஸ்பிரிங்கைப் பார்த்து ‘மேலாகத்தான் துரு’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை மேல்பக்கம்தான் எல்லாம்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம்: நின்ற வண்டியில் எப்படி?

வண்டி நின்றாலும் ஸ்பிரிங்குக்கு ஓய்வு கிடையாது. காரின் எடையை அது இரவு முழுவதும் தாங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அதோடு, துருக்குழிக்குள் தேங்கிய ஈரம் மெல்ல அமிலமாக மாறும். அந்த வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் இரும்புக்குள் ஊடுருவும். சாதாரண மிருதுவான இரும்பு இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் எஃகு மிகக் கடினமாகப் பதப்படுத்தப்பட்டது. அது ஹைட்ரஜன் ஏறினால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆகவே விரிசல் வளர வண்டி ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாரமும் ஈரமும் இருந்தால் போதும், நின்ற இடத்திலேயே வளரும். மீதமிருக்கும் இரும்பால் பாரத்தைத் தாங்க முடியாத நொடி நள்ளிரவிலும் வரலாம், காலையிலும் வரலாம். இரவுக் குளிரில் எஃகு இன்னும் கொஞ்சம் விறைப்பாகிவிடுவதால் காலை நேரத்துக்கு வாய்ப்பு கூடுதல். உங்கள் வண்டியில் அதுதான் நடந்திருக்கிறது. நீங்கள் குற்ற உணர்வு கொள்ள இதில் எதுவுமே இல்லை. மெதுவாக ஓட்டியதால் சில வருடம் கூடத்தான் உழைத்திருக்கும்.

உங்கள் நண்பர் சொன்னது பாதி வழிக்கு வருகிறது, அங்கே நின்றுவிடுகிறது. பழைய கார்களின் ஸ்பிரிங் கம்பி தடிமனாக இருக்கும். பாரத்துக்குத் தேவையானதைவிட இரும்பு அதிகம். இப்போது எடையைக் குறைக்க, சிலிக்கனும் குரோமியமும் சேர்த்த, மிக வலுவான எஃகில் மெல்லிய கம்பியாகச் செய்கிறார்கள். எஃகு மட்டமில்லை, முன்பைவிட உயர்ந்தது. ஆனால் வலு கூடக் கூட, காயத்தைப் பொறுத்துக்கொள்ளும் குணம் குறைகிறது. தடித்த, கொஞ்சம் மிருதுவான கம்பியில் அரை மில்லிமீட்டர் குழி சின்ன விஷயம். மெல்லிய, கடினமான கம்பியில் அதே குழி ஆபத்து. அதனால்தான் பெயின்டையும் அடிப்பேடையும் நான் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன். இன்னொன்றும் உண்டு. லாரியில் அடுக்கடுக்காக இருக்கும் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்தால் மற்றவை தாங்கும். சுருளில் இருப்பது ஒரே கம்பி.

துரு மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஷாக் அப்சார்பர் செத்துப்போன வண்டியில், ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் ஒரு முறை ஆடி நிற்க வேண்டியது மூன்று நான்கு முறை ஆடும். ஸ்பிரிங்குக்கு வேலை அந்த அளவுக்குக் கூடும். ஷாக்கின் தண்டில் ஒரு நுரை ரப்பர் இருக்கும், பம்ப் ஸ்டாப் என்போம். அது வருடங்கள் ஆனால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். உதிர்ந்த பின் பெரிய குழியில் விழும்போது ஸ்பிரிங் தன் எல்லையைத் தாண்டி அமுங்கும், சுற்றோடு சுற்று மோதும், மோதிய இடத்தில் பெயின்ட் போகும். டிக்கியில் எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டியில் பின் ஸ்பிரிங்குக்கு இதே கதி.

வண்டியை உயர்த்துவதற்காகச் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டை சொருகுவதை நான் எந்த வண்டிக்கும் செய்வதில்லை. கட்டை பிடித்த சுற்று அசையாது. அது செய்ய வேண்டிய வேலையை மற்ற சுற்றுகள் சுமக்கும். கட்டைக்கு அடியில் மண்ணும் ஈரமும் சேர்ந்து இன்னொரு துருக்கூடு உருவாகும். ஒரு நோய்க்கு மருந்து என்று இரண்டு நோயைக் கொடுக்கிற வேலை அது.

வெல்டிங்? வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஸ்பிரிங் எஃகின் குணமெல்லாம் அதைச் சூடாக்கி, குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தியதில் இருக்கிறது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கும், அடுத்த இடம் தொய்ந்துபோகும் தன்மைக்கும் வரும். சில நாளிலோ சில வாரத்திலோ மறுபடி உடையும், இந்த முறை நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது. வண்டியில் வேறெங்காவது வெல்டிங் வேலை நடந்தால்கூட, பொறி ஸ்பிரிங்கில் தெறிக்காமல் மூடி வைக்கச் சொல்லுங்கள். பொறி பட்ட புள்ளி ஒவ்வொன்றும் ஒரு விரிசலின் விதை. பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்கைப் போடுவதும் வேண்டாம். அதன் அடிச்சுற்றில் என்ன குழி இருக்கிறது என்று பெயின்டுக்கு மேலிருந்து யாரும் சொல்ல முடியாது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்றால், இரண்டு முன் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். வலதுபக்கத்து ஸ்பிரிங்குக்கும் அதே 14 வயது, அதே சேறு, அதே ஈரம். அது இன்னும் உடையவில்லை என்பதைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. தவிர, 14 வருடம் அமுங்கிய ஸ்பிரிங் கொஞ்சம் தொய்ந்திருக்கும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழசும் போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும், பிரேக் பிடிக்கும்போது இரு சக்கரத்திலும் பாரம் ஒரே மாதிரி விழாது. பின் ஸ்பிரிங்குகளை உடனே மாற்ற வேண்டியதில்லை. அடிச்சுற்றைக் கழுவி, டார்ச் அடித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

வாங்கும்போது உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அதற்குரியதை வாங்குங்கள். ஒரே மாடலிலேயே பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, ஏசி உள்ளதற்கு ஒன்று என்று வேறுபடும். பழைய ஸ்பிரிங்கில் வண்ணப் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால் அது அலங்காரமில்லை. எந்தப் பாரத்துக்கான ஸ்பிரிங் என்ற அடையாளம். ஸ்பிரிங்கோடு அடிப்பேடு, பம்ப் ஸ்டாப், தூசி உறை, மேல் மவுண்ட் (ஸ்பிரிங்கின் மேல்முனையை உடலோடு பிடிக்கும் பாகம்), அதன் பேரிங் எல்லாவற்றையும் பாருங்கள். எப்படியும் எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறார்கள். மேல் பேரிங் இறுகிப்போயிருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கும் கூடவே முறுகி, ‘டொய்ங்’ என்று விடுபடும். புது ஸ்பிரிங் போட்டும் சத்தம் போகவில்லை என்று திரும்பி வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

கையில் வேலை தெரியும், நானே மாற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு முன் சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை இருக்கிறது, அதற்கு ஸ்பிரிங் 12 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் அடங்கியிருக்கும் சக்தி, 18 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஜாக்கில் ஏற்றினாலும் முழுவதும் தளராது. மேல் நட்டைக் கழற்ற அதை மறுபடி அமுக்கவும் வேண்டும். அந்தக் கட்டத்தில், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியின் கொக்கி நழுவினால் ஸ்பிரிங் மனிதன் மேல் பாயும். உடைந்த ஸ்பிரிங்கில் கொக்கி பிடிக்கச் சரியான சுற்றும் கிடைக்காது. நான் என்னிடம் வேலை கற்கும் பையன்களை முதல் வருடம் இந்த வேலையைத் தொட விடுவதில்லை. வீட்டில் செய்ய வேண்டாம்.

பட்டறையில் நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. புது ஸ்பிரிங்கைப் பல்லுள்ள குறடால் நேரடியாகப் பிடித்துத் திருகக் கூடாது; பல் பதிந்த இடத்தில் பெயின்ட் போய்விடும், பதினான்கு வருடக் கதை முதல் நாளே தொடங்கிவிடும். சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க்கையில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் எப்போதும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

அதன் பிறகு பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வண்டியைக் கழுவும்போது மட்கார்டுக்கு உள்ளேயும் தண்ணீரைப் பாய்ச்சி, ஸ்பிரிங் கிண்ணத்தில் தேங்கிய மண்ணைக் கரைத்து வெளியேற்றுங்கள். அடைபட்ட ஓட்டையை ஒரு மெல்லிய குச்சியால் குத்திவிடுங்கள். ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி வைத்தால் பல வண்டிகளில் அடிச்சுற்று வெளியிலிருந்தே தெரியும். விரலை உள்ளே விடாமல், டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்துக் கம்பியின் முனையைப் பாருங்கள். தொழிற்சாலையில் வெட்டிய முனை நேராக, பெயின்டோடு இருக்கும். உடைந்த முனை சாய்வாக, பெயின்ட் இல்லாமல் இருக்கும். இதைச் சொல்லக் காரணம், பல நேரம் ஸ்பிரிங் உடைந்ததே ஓட்டுபவருக்குத் தெரியாது. கடைசி அரைச் சுற்று மட்டும் போனால், மீதிச் சுருள் ஒரு திருகு திருகிக் கிண்ணத்தில் உட்கார்ந்துகொள்ளும். வண்டி ஓரிரு சென்டிமீட்டர் இறங்கும், அவ்வளவுதான். உங்களுக்குச் சத்தம் கேட்டது நல்லதாயிற்று.

புது ஸ்பிரிங் போட்டு வந்த அன்றே, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு வளைவு வரை நான்கு பக்கமும் டேப்பால் அளந்து ஒரு காகிதத்தில் எழுதி வண்டியிலேயே வைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில், பெட்ரோல் ஏறக்குறைய அதே அளவு இருக்கும்போது அளந்து பாருங்கள். ஏதாவது ஒரு மூலை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால், சத்தம் வரும்வரை காத்திருக்காமல் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.